"சிஸ்டம்" என்னும் புதுத் தலைவிதி

குஜராத் ஜெயில் ஒன்றில் அடைபட்டிருந்த ஒரு ஆயுள் கைதிக்கு, அந்நாட்டு ஹைக்கோர்ட்டு 2020-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி தண்டனையை நிறுத்தி வைத்து, ஜாமீனில் விடும்படி உத்திரவு போட்டது. உத்திரவு ஈமெயிலில் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டது. ஈமெயில் வந்து சேர்ந்ததும் உண்மை. ஆனால் அதனோடு கூட வந்த இணைப்பை ஜெயில் உத்தியோகஸ்தர்களால் திறக்க முடியவில்லையாம். அவ்வளவுதான் விஷயம்! திறக்க முடியவில்லை என்று ஹைக்கோர்ட்டு ஆபீசுக்கு ஒரு வார்த்தை எழுதியவர் இல்லை. அதே ஈமெயில் ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டுக்கும் போயிருந்தது. அங்கேயும் உத்திரவு நிறைவேறிற்றா என்று பார்த்தவர் இல்லை. அந்த வாலிபன் ஏறக்குறைய மூன்று வருஷ காலம் உள்ளேயே கிடந்தான். மறுபடியும் ஜாமீன் வேண்டும் என்று அவன் மனுப் போட்ட பிறகுதான், 2023 செப்டம்பரில், ஏற்கனவே ஜாமீன் கொடுத்தாகிவிட்டது என்ற சங்கதி வெளியாயிற்று. ஹைக்கோர்ட்டு ஜெயிலைக் கண்டித்து, பதினான்கு நாளைக்குள் அவனுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்திரவு செய்தது.

மூன்று வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்றால் நாளொன்றுக்குத் தொண்ணூறு ரூபாய் சில்லறை ஆகின்றது. அந்தக் கணக்கு எப்படியாவது போகட்டும். நாம் கேட்பது வேறு. ஒரு பூட்டுக்குச் சாவி தொலைந்துவிட்டால் ஜெயிலில் கொல்லனைக் கூப்பிடுகிறார்கள். குழாய் அடைத்துக் கொண்டால் குழாய்க்காரனைக் கூப்பிடுகிறார்கள். உணவுக் கூடத்தில் கொப்பரை ஓட்டையானால் அன்றைக்கே ஆள் வருகிறான். ஒரு மனிதனுடைய விடுதலை அடங்கிய கடிதம் திறக்கவில்லை என்றால் மாத்திரம், "சிஸ்டம் எடுக்கவில்லை" என்று சொல்லி மூன்று வருஷம் சும்மா இருக்கலாம் என்கிற எண்ணம் இவர்களுக்கு எங்கேயிருந்து வந்தது?

வேறெங்கேயிருந்தும் வரவில்லை. "தலையில் எழுதியபடி நடக்கும், நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஆயிரக்கணக்கான வருஷமாகச் சொல்லிப் பழகிய வாயிலிருந்துதான் வந்தது. பிரம்மா எழுதினான் என்று சொன்ன இடத்தில் இப்பொழுது கம்ப்யூட்டர் எழுதிற்று என்கிறார்கள். எழுத்து மாத்திரம் மாறவில்லை. பிரம்மாவைக் கேள்வி கேட்க முடியாது என்றார்கள். சிஸ்டத்தையும் கேள்வி கேட்க முடியாது என்கிறார்கள். சரஸ்வதி பூஜை அன்றைக்கு ஆபீசுகளில் அந்தப் பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுக்கிறவர்கள், மறுநாள் அது பழுதாய்ப் போனால் பழுது என்று சொல்லத் தயங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கின்றது?

நிற்க. "எங்கோ குஜராத்தில் நடந்ததற்கு நமக்கென்ன?" என்று நமது பேட்டைத் தோழர் ஒருவர் கேட்கக்கூடும். பேட்டையில் பஸ் ஏறி, டவுனையும் ஜங்ஷனையும் கடந்து, சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் தாமிரவருணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை. தமிழ்நாட்டில் ஆண் கைதிகளுக்கென்று உள்ள ஒன்பது மத்திய ஜெயில்களில் ஒன்று அங்கே இருக்கின்றது. அதற்குள் இருப்பவர்கள் நமது ஜில்லாவையும் பக்கத்து ஜில்லாக்களையும் சேர்ந்த நமது ஜனங்கள். அதே பேட்டையில்தான் சர்க்கார் ஐ.டி.ஐ. இருக்கின்றது. கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கான்ட்ராக்ட் வேலை தேடி அலையும் நமது பிள்ளைகள்தான் இம்மாதிரி ஆபீசுகளில் "ஹெல்ப் டெஸ்க்" என்னும் உதவி மேசையில் போய் உட்காருகிறவர்கள். ஆகவே கம்பிக்கு உள்ளே இருப்பவனும் நம்மவன், கம்பிக்கு வெளியே போன் எடுப்பவனும் நம்மவன்.

இந்த உதவி மேசை என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்லுவோம். வ.உ.சிதம்பரம் பிள்ளையை 1908-ல் பாளையங்கோட்டை ஜெயிலில் அடைத்தபோது மைக்கூடும் தடித்த ரிஜிஸ்தரும் இருந்தன. இன்றைக்கு நாடெங்கும் உள்ள ஜெயில்களில் "இ-பிரிசன்ஸ்" என்று ஒரு சாப்ட்வேர் நடைபெறுகின்றது. தேசியத் தகவலியல் மையம் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் அதைச் செய்து கொடுத்திருக்கிறது. கைதி கேட்டுக்குள் வந்ததும் பெயர், தகப்பன் பெயர், ஊர், வழக்கு நம்பர், எந்தச் செக்ஷன், அடுத்த வாய்தா என்றைக்கு என்பதெல்லாம் அதில் ஏறுகின்றன. படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டிப் பதிவு செய்வதும், வீடியோவில் பார்த்துப் பேசுவதும் அதன் மூலமாகத்தான். போலீசு, கோர்ட்டு, ஜெயில் மூன்றின் கணக்கும் ஒன்றோடொன்று பேசிக் கொள்ளும்படி கோத்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் நல்லதுதான். இயந்திரத்தை நாம் ஒருபோதும் வெறுப்பவர்கள் அல்ல. செக்கு மாட்டைக் கட்டிக் கொண்டு அழ வேண்டும் என்று சொல்லும் கூட்டம் வேறு. ஆனால் இந்த இயந்திரம் நின்று போகும். பாஸ்வேர்டு மறந்து போகும். நெட்வொர்க் போகும். மண்வெட்டி பிடித்தும் கல் சுமந்தும் தேய்ந்து போன விரலின் ரேகையை இயந்திரம் எடுக்காது. கோர்ட்டு உத்திரவில் மா. சுப்பையா என்றிருக்கும், ஜெயில் கணக்கில் சுப்பையா, தகப்பன் பெயர் மாடசாமி என்றிருக்கும், இரண்டும் ஒரே ஆளா என்று கம்ப்யூட்டர் விழிக்கும். அப்பொழுதெல்லாம் ஜெயில் ஆபீசிலிருந்து போன் வரும். மேசையில் உள்ள பையன் ஒரு புகார் நம்பர் கொடுப்பான். அவனால் ஆவதாயிருந்தால் அப்போதே செய்வான். ஆகாவிட்டால் மேலே அனுப்புவான். அங்கே அது வரிசையில் நிற்கும்.

மற்ற ஆபீசுகளில் வரிசையில் நிற்பது ஒரு பில்லாகவோ சம்பளப் பட்டியலாகவோ இருக்கும். ஜெயிலில் வரிசையில் நிற்பது ஒரு மனிதன். இந்த வித்தியாசத்தை அந்தப் பையனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? "பிரிண்டர் ஓடவில்லை" என்ற புகாரும் "விடுதலை ஏறவில்லை" என்ற புகாரும் அவன் முன்னால் ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் வந்து நிற்குமானால், அது அவன் குற்றமா, வரிசை அமைத்தவர்கள் குற்றமா?

இந்த வரிசை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கின்றது. அங்கே வாஷிங்டன் என்னும் ராஜ்யத்தில் 2002-ம் வருஷம் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பையொட்டி, ஜெயில் கம்ப்யூட்டரில் நன்னடத்தைக் கழிவுக் கணக்கை மாற்றினார்கள். மாற்றினது தப்பாய்ப் போயிற்று. குறித்த நாளைக்கு முன்பாகவே கைதிகள் வெளியே விடப்பட்டார்கள். 2012 டிசம்பரில், ஒரு கைதியினால் பாதிக்கப்பட்டவருடைய குடும்பத்தார் தாங்களாகவே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "உங்கள் கணக்குத் தப்பு" என்று இலாகாவுக்குச் சொன்னார்கள். உடனே அது திருத்த வேண்டிய வேலை என்று கம்ப்யூட்டர் பிரிவின் பட்டியலில் எழுதப்பட்டது. எழுதி? பதினாறு தடவை தள்ளிப் போடப்பட்டது! 2015 டிசம்பரில் கவர்னர் வெளியே சொல்லும் வரையில் அந்தத் தப்பு அப்படியே ஓடிற்று. 3,200 பேர் வரையில் நாளுக்கு முன்பாக விடப்பட்டிருந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அப்படி வெளியே வந்தவர்களால் உயிர்ச் சேதமும் நேர்ந்தது. இலாகாத் தலைவர் 2016-ல் ராஜிநாமாச் செய்தார்.

அதே நாட்டில் அரிசோனாவில் தலைகீழாக நடந்தது. 2019-ல் புதிய சட்டம் செய்து சில கைதிகள் முன்னதாக வெளியே வர வழி செய்தார்கள். சட்டம் வந்துவிட்டது, சாப்ட்வேருக்கு அந்தக் கணக்குப் போடத் தெரியவில்லை. ஆகவே வெளியே போக யோக்கியதை உள்ளவர்கள் உள்ளேயே இருந்தார்கள். 2021-ல் இலாகாவுக்குள் வேலை பார்த்தவர்களே மனம் பொறாமல் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதனால்தான் அது வெளிவந்தது. இந்த உள்ளாட்களைத்தான் நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் மேலதிகாரி இருந்தான், அவர்களுக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, "நமது வேலை போன் எடுப்பது, மனிதனைப் பற்றி நமக்கென்ன?" என்று அவர்களும் இருந்திருக்கலாம்.

நமது நாட்டில் இது எத்தனை பேருடைய விஷயம் என்று பாருங்கள். 2022-ம் வருஷக் கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றம் ருசுவாகாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்திரவு என்பது இவர்களுக்கு மூச்சுக் காற்று மாதிரி. 2025-ம் வருஷம் உத்தரப் பிரதேசத்துக் காஜியாபாத் ஜெயிலில் ஒருவருக்கு ஏப்ரல் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்தது. மே 27-ந் தேதி கீழ்க்கோர்ட்டு விடுதலை உத்திரவு அனுப்பிற்று. அதில் சட்டப் பிரிவின் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய உட்பிரிவு எழுதப்படவில்லை என்று சொல்லி அவரை ஜூன் 24-ந் தேதி வரையில் உள்ளே வைத்திருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லிற்று. ஒரு எழுத்துக்கு இருபத்தெட்டு நாள்! மந்திரத்தில் ஒரு எழுத்துத் தவறினால் யாகம் கெட்டுப்போகும் என்று புரோகிதன் சொல்லுவான். இவர்கள் அவனுக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்?

இனி நமது ஜில்லா விஷயத்துக்கு வருவோம். விடுதலையை ஏற்றுக் கொள்ளத் தயங்குகிற இதே கணக்குப் புஸ்தகம், ஒன்றை மாத்திரம் எக்காலத்திலும் தயங்காமல் ஏற்றுக் கொண்டு வந்திருக்கின்றது. அதுதான் ஜாதி. கைதியின் பெயருக்குப் பக்கத்தில் ஜாதி என்று ஒரு கலம். மைக்கூட்டுக் காலத்திலும் அது இருந்தது. கம்ப்யூட்டர் காலத்திலும் இருந்தது. கலம் இருந்தால் அதற்கு உபயோகமும் இருக்க வேண்டுமல்லவா? ராஜஸ்தான் ஜெயில் விதிகளில் கக்கூஸ் வேலைக்கு இன்ன ஜாதியார், சமையலுக்குப் பிராமணர் அல்லது உயர்ந்த ஜாதி ஹிந்துக்கள் என்று எழுதியே வைத்திருந்தார்கள். மனுதர்மத்தை எரித்த நாட்டில், மனுதர்மத்துக்குச் சர்க்கார் செலவில் மதில் சுவர் கட்டி, வார்டர் போட்டுக் காவல் காத்தார்கள்.

பாளையங்கோட்டை ஜெயிலில் முக்குலத்தோர், நாடார், தேவேந்திரகுலத்தார் என்று தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பது கோர்ட்டு வரையில் போன விஷயம். 2014-ல் சென்னை ஹைக்கோர்ட்டில் இதை எதிர்த்து ஒரு மனு வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் ஜாதிச் சண்டை சகஜம், அதைத் தடுக்கத்தான் பிரித்து வைத்திருக்கிறோம் என்று சர்க்கார் சமாதானம் சொல்லிற்று. ஹைக்கோர்ட்டும் அதை ஒப்புக் கொண்டது.

இந்தச் சமாதானம் தாமிரவருணிக் கரையில் புதிதல்ல. நூறு வருஷங்களுக்கு முன்பு சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்று வைத்துவிட்டு, அதற்கும் இப்படி ஏதோ சமாதானம் சொன்னார்கள். நமது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையில் ஜாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிக் கொண்டு வந்தபோதும் அது கோவில் கயிறு என்று சமாதானம் சொன்னார்கள். சேர்த்து வைத்தால் அடித்துக் கொள்ளுவார்கள், ஆகவே பிரித்து வை என்பது அவர்கள் வாதம். பிரித்து வைத்து, நீ இன்னான், உன் கூட்டம் இது, உன் எதிரி அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறான் என்று தினமும் சொல்லிக் கொடுத்தால் சண்டை ஓயுமா, வளருமா? இப்படிச் சமாதானம் சொல்லப்பட்ட அதே பாளையங்கோட்டை ஜெயிலுக்குள்ளேதான் 2021 ஏப்ரல் 22-ந் தேதி ஒரு விசாரணைக் கைதி, வாலிபர், மற்றக் கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜாதிக் கலம் அவரைக் காப்பாற்றவில்லையே!

சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகைக்காரப் பெண்மணி 2020-ல் ஜெயில்களில் நடக்கும் ஜாதிக் கொடுமைகளை ஆராய்ந்து எழுதி, பிறகு சுப்ரீம் கோர்ட்டிலும் வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 3-ந் தேதி பிரதம நீதிபதி சந்திரசூட் முதலிய மூவர் தீர்ப்புச் சொன்னார்கள். ஜாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளும் ஜாதி பார்த்துப் பிரிக்கும் விதிகளும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். பாளையங்கோட்டை விஷயமும் அதில் எடுத்துப் பேசப்பட்டது. ஒழுங்கைக் காப்பது ஜெயில் நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்காக ஜாதிப் பிரிவினை செய்யக்கூடாது. ஹைக்கோர்ட்டு ஒப்புக் கொண்ட நியாயம் அமெரிக்காவில் கறுப்பரை ஒதுக்கி வைக்கச் சொன்ன "தனியே, ஆனால் சமமாக" என்ற நியாயத்தைப் போன்றது என்று அதைத் தள்ளினார்கள். விதிகளை மூன்று மாதத்துக்குள் திருத்த வேண்டும், கைதிகளின் ரிஜிஸ்தர்களில் உள்ள ஜாதிக் கலத்தையும் ஜாதி பற்றிய குறிப்புகளையும் நீக்கிவிட வேண்டும் என்றும் உத்திரவிட்டார்கள். மத்திய சர்க்காரும் 2024 டிசம்பரில் மாதிரி ஜெயில் விதிகளை இந்தத் தீர்ப்பையொட்டித் திருத்திற்று.

இங்கேதான் நமது உதவி மேசைப் பையன் மறுபடியும் வருகிறான். ஒரு நாள் காலையில் அவனுக்கு இப்படி ஒரு போன் வருகின்றது என்று வைத்துக் கொள்ளுவோம். "தம்பி, ஸ்கிரீனில் ஜாதிக் கட்டத்தைக் காணோம். எந்தப் பிளாக்கில் போடுவது என்று தெரியவில்லை. சீக்கிரம் சரி பண்ணிக் கொடு." இதை அவன் பழுது என்று எழுதிக் கொள்ளுவதா? பழைய கலத்துக்குக் "குறிப்பு" என்று வேறு பெயர் வைத்துத் திறந்து கொடுப்பதா? கோர்ட்டு நீக்கச் சொன்னதை ஒரு எக்செல் தாளில் தனியாக வைத்துக் கொள்ளச் சொல்லி யோசனை சொல்லுவதா? கான்ட்ராக்ட் சம்பளக்காரன், அந்தப் பக்கம் பேசுகிறவர் காக்கி உடுப்புக்காரர். ஆயினும் அவன் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, இது பழுதல்ல, சட்டம். புகார் நம்பர் தருகிறேன், உங்கள் பெயரும் நேரமும் அதில் இருக்கும்." இவ்வளவு சொல்ல அவனுக்குத் தைரியம் வேண்டும் என்பது வாஸ்தவம். அந்தத் தைரியத்துக்குக் காப்பாக மேலிடம் எழுத்து மூலம் ஒரு உத்திரவைக் கொடுத்து வைப்பதுதான் முறை. பொறுப்பை மாத்திரம் அவன் தலையில் வைத்து, அதிகாரத்தைத் தங்கள் மேசையில் பூட்டிக் கொள்ளுகிற மேலதிகாரிகளை நாம் நம்பத் தயாராயில்லை.

கலத்தை எடுத்துவிட்டால் ஜாதி போய்விடுமா என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்கிறார்கள். போகாது. நமது ஜில்லாவில் "எந்த ஊர்?" என்று கேட்டு, "எந்தத் தெரு?" என்று இரண்டாவது கேள்வியும் கேட்டுவிட்டால் மூன்றாவது கேள்வியே வேண்டியதில்லை. அதனாலேயே ஜாதியைச் சர்க்காரும் கேட்டு எழுதித் தர வேண்டுமா? இன்னும் சிலர், ஜாதிக் கணக்கு இல்லாவிட்டால் தாழ்த்தப்பட்டவர்கள் எத்தனை பேர் ஜெயிலில் வாடுகிறார்கள் என்பது எப்படித் தெரியும் என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. வகுப்புவாரிக் கணக்கு வேண்டும் என்று முதன்முதல் கேட்டவர்களே நாம்தான். ஆனால் நாட்டுக்குத் தெரிய வேண்டிய மொத்தக் கணக்கு வேறு. இவனை எந்த அறையில் தள்ளலாம், இவன் கையில் கரண்டி கொடுப்பதா விளக்குமாறு கொடுப்பதா என்று வார்டர் பார்க்கிற கலம் வேறு. வருஷத்துக்கு ஒரு தரம் மொத்தமாக எண்ணிச் சொல்லட்டும். பிளாக்கு ஒதுக்குகிறவன் கண்ணில் அது படவேண்டிய அவசியமென்ன?

ஜாதிக்குக் கட்டம் கட்டத் தெரிந்த சாப்ட்வேருக்கு விடுதலைக்கும் கட்டம் கட்டத் தெரியும். சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரி 31-ந் தேதி இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் கொடுத்த கோர்ட்டு அன்றைக்கோ மறுநாளோ உத்திரவை ஈமெயிலில் ஜெயில் சூப்பரின்டென்டென்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் ஜாமீன் கிடைத்த தேதியை இ-பிரிசன்ஸில் ஏற்ற வேண்டும். ஏழு நாளைக்குள் ஆள் வெளியே போகாவிட்டால் ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவர் தெரிவிக்க வேண்டும். சாப்ட்வேரே தானாக ஆணைக்குழுச் செயலாளருக்கு ஈமெயில் அனுப்பும்படி கட்டம் அமைக்கவும் முயல வேண்டும் என்றது. ஜாமீன் கிடைத்தும், சொத்து ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கும் ஏழைகளுக்கு வக்கீல் உதவி கிடைப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஆகவே, உள்ளே ஆள் இருக்கிற நமது குடும்பத்தார் இனிமேல் ஜெயில் வாசலில் போய் நின்று, "எப்போ சாமி விடுவீங்க?" என்று கும்பிடு போட வேண்டியதில்லை. சாமியைக் கேட்டுத் தெரிய வேண்டிய விஷயம் இதில் ஒன்றுமில்லை. ஜாமீன் கிடைத்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிக் கொள்ளட்டும். எட்டாம் நாள் காலையில் திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்குப் போகட்டும். போக முடியாதவர்கள் 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யட்டும். "ஜாமீன் தேதி கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதா, என்றைக்கு ஏறிற்று?" என்று கேட்கட்டும். "சிஸ்டம் எடுக்கவில்லை" என்று பதில் வந்தால், "புகார் நம்பர் என்ன, என்றைக்குப் புகார் கொடுத்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி கேட்கட்டும். புகார் நம்பர் இல்லை என்றால் புகாரே கொடுக்கவில்லை என்று அர்த்தம். பதிலே சொல்லாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு முழுத் தாளில் இதே கேள்விகளை எழுதி, இது ஒரு மனிதனின் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று மேலே குறித்துக் கொடுக்கட்டும். மற்றத் தகவல்களுக்கு முப்பது நாள் தவணை உண்டு. சுதந்திரம் சம்பந்தப்பட்டதற்கு 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கட்டணம் 10 ரூபாய்.